பீரில் நனைந்தாலும் பிழைக்கும் போன்

எல் ஆல்ட்டோ நகரில் காலையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் நெமேசியாவின் வீட்டில் இதுவரை மூன்று செல்போன்கள் காலமாகியிருந்தன. கீழே விழுந்தோ திருட்டுப் போயோ அல்ல, மூன்றும் ஆசீர்வாதத்தில் போனவை. புதிதாக எது வாங்கினாலும் பூமித்தாய்க்கு நாலு சொட்டு பீர் விட்டு, அந்தப் பொருளின் தலையிலும் கொஞ்சம் தெளிப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மினிபஸ் ஓட்டும் அவள் கணவர் ஃபோர்த்துனாத்தோவுக்குத் தெளிக்கத் தெரியாது, ஊற்றத்தான் தெரியும். மினிபஸ் தாங்கியது. தையல் மெஷினும் தாங்கியது. போன்களுக்குத்தான் பக்தி போதவில்லை.

மூன்றாவது போனது ஞாயிற்றுக்கிழமை. மகள் யோவானாவுக்குத் தொலைதூர சாந்தா குரூஸ் நகரில் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ. ஆகவே வியாழக்கிழமைச் சந்தையில், பழைய சிம்மைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பெண் பார்க்க வந்த சம்பந்தியின் முகத்தோடு ஒரு போன் கடை முன் நின்றாள் நெமேசியா.

கடைக்காரன் பளபளவென்று ஒன்றை நீட்டினான். "இதப் பாருங்கக்கா. பேசறவங்க மூஞ்சி அப்படியே தெரியும்."

"பீர் தாங்குமா?"

"தண்ணி தாங்கும்."

"தண்ணிய யாரு கேட்டா? எங்க வீட்டுக்காரர் என்ன தண்ணியா ஊத்தப் போறாரு?"

"நாலு சொட்டுதானே..."

"அவர் கணக்குல நாலு சொட்டுன்னா நாலு கிளாஸ், தம்பி."

கடைக்காரன் யோசித்து, ரப்பர் அடைப்பும் பட்டன்களும் வைத்த தடியன் ஒன்றை எடுத்தான். "சுரங்கத்துல வேலை பாக்கறவங்க வாங்கறது. சேத்துல விழுந்தாலும் அடிக்கும். ஆனா மூஞ்சி தெரியாது."

நெமேசியா தயங்கினாள். பேரக்குழந்தையின் முகத்தைப் பிறந்த அன்றைக்கே போனில் பார்க்கப் போவதாகக் கஞ்சி குடிக்க வந்தவர்களிடமெல்லாம் மூன்று மாதமாகச் சொல்லியிருந்தாள். பீர் ஊற்றாமலே விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பளபளப்பு செத்துப்போனால் முகமும் இல்லை, குரலும் இல்லை.

"தடியனையே குடு. கொசுறா கழுத்துல மாட்ட ஒரு கயிறும் குடு."

வீட்டு முற்றத்தில் சிம்மைப் போட்டுத் தடியனுக்கு உயிர் கொடுத்து, பூவிதழ் தூவி, வண்ணக் காகிதச் சுருள் சாத்தினார்கள். ஃபோர்த்துனாத்தோ மண்ணில் பயபக்தியோடு கொஞ்சம் விட்டுவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்தார்.

"போதுங்க! அது போன், மினிபஸ் இல்ல!"

நுரைக்குள்ளிருந்து மணி அடித்தது.

ஃபோர்த்துனாத்தோ கவிழ்த்த பாட்டிலோடு உறைந்து நின்றார். நெமேசியா போனைப் பாவாடையில் துடைத்துக் காதில் வைத்தாள். மருமகன் கத்தினான். அவனையும் மீறி ஒரு புதுத் தொண்டை கத்தியது.

"பொண்ணு பொறந்திருக்கு, அத்தை! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பாருங்களேன், அப்படியே உங்க மூக்கு!"

"இதுல பாக்க முடியாது மாப்பிள்ளை. சமாதானப்படுத்தாதீங்க, நல்லா அழட்டும். கேக்கறேன்."

பீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அவள் காதை மாற்றவில்லை. ஃபோர்த்துனாத்தோ ஆவலாகக் கையை நீட்டினார்.

"மொதல்ல பாட்டில கீழ வைங்க," என்றாள் நெமேசியா.