கரடிக்கல் தோட்டம்னு ஒண்ணு இல்லையாம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா இருளப்பன் கதையை நான் சொன்னாத்தான் சரியா இருக்கும். என் வீட்டுக்காரரோட தம்பி அவன். தேவாலாவில் முப்பது வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான்தான் கோபப்படணும்.

நாங்க பொறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன நாட்டில். பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை. ரெண்டு சர்க்காரும் எங்களைப் பங்கு பிரிச்சப்போ எங்களைக் கப்பலேத்தினாங்க. இருளப்பனோட அக்கா மாரியாயி புருஷனோட அங்கேயே தங்கிட்டா.

தேயிலை விலை விழுந்த வருஷம் இங்கே பாக்டரியைப் பூட்டினாங்க. அந்த மாசமே அக்கா படுத்த படுக்கைன்னு கடுதாசி வந்துது.

"இத்தனை வருஷம் லீவு கேட்டுக் கிடைக்கலை அண்ணி. இப்போ வேலையே எனக்கு லீவு குடுத்துடுச்சு. அக்காவை ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்"னு மாட்டை வித்துட்டு, விசா வாங்கச் சென்னைக்குப் போனான், அந்த நாட்டு ஆபீசுக்கு.

பாரத்தில் அக்கா விலாசம் கேட்டிருக்காங்க. கரடிக்கல் தோட்டம், எட்டாம் நம்பர் லயம்னு எழுதியிருக்கான். லயம்னா தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற வரிசை வீடு. கவுன்டரில் இருந்த அம்மா லிஸ்ட்டைப் புரட்டிட்டு, "அப்படி ஒரு தோட்டம் எங்கட நாட்டில இல்லை ஐயா"ன்னுச்சாம்.

"நான் பொறந்ததே அங்கதாங்க."

"இல்லாத இடத்தில எப்படிப் பொறந்தீங்க?"

வரிசையில் நின்னவங்க சிரிச்சாங்களாம். இவனும் கூடச் சிரிச்சுட்டு வந்துட்டான், பாவி. அங்கே எழுதிக் கேக்கறோம், பதில் வரட்டும்னாங்களாம். ரெண்டு மாசம் ஒண்ணும் வரலை.

கரடிக்கல்லுங்கறது நாங்க வச்ச பேரு. உச்சியில் கரடி உக்காந்த மாதிரி ஒரு பாறை. காடழிச்சுச் செடி நட்டவங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க. துரை வச்ச பேரு வேற, அது காகிதத்தில் இருக்கும். தபால்காரனுக்கே கரடிக்கல்தான் தெரியும். எங்க காகிதமெல்லாம் தேவாலா மழையில் ஊறி எப்பவோ கூழாப் போச்சு.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. சாமான் கட்டிக்கிட்டு வந்த தேயிலைப் பெட்டி! அதோட பலகைதான் என் கோழிக்கூண்டுக்குக் கதவு, மேல இங்கிலீஷ் எழுத்தோட. பிடுங்கி அவன் கையில் குடுத்து மறுபடி அனுப்பினேன்.

"லாங்ஃபெர்ன் எஸ்டேட்! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னுச்சாம் அதே அம்மா. உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், உக்காரச் சொன்னாராம். "நாங்க சின்ன நாடு. உலகம் பூரா ஆபீஸ் வச்சிருக்கோம், ஆள் பத்தலை. மூணு வருஷத்துக்கு ஒருக்கா தூக்கி மாத்திடுவாங்க. நானே போன மாசம்தான் ஐரோப்பாவில இருந்து வந்தேன்"னாராம்.

சின்ன நாடாம்! எங்களைத் தலை எண்ணிக் கப்பலேத்தினப்போ ஆள் பத்தாமப் போகலையே? ஒரு லயம் விடாமக் கதவைத் தட்டினாங்களே, அப்போ மட்டும் கரடிக்கல் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுதா?

விசா வாங்கிப் போனான். அக்காவுக்குப் பேச்சு நின்னு பத்து நாளாயிருந்துதாம். அதுவரைக்கும் "இருளு வந்துட்டானா"ன்னு கேட்டுக்கிட்டே கிடந்தாளாம். அந்தப் பத்து நாளை எந்த ஆபீஸில் போய்க் கேக்கறது?

கையோட கொண்டுபோன பலகையை அக்கா வாசலில் ஆணியடிச்சு, இங்கிலீஷ் எழுத்துக்கு மேலே கரியால் பெருசா 'கரடிக்கல்'னு எழுதிட்டு வந்தான், அந்த அதிர்ந்து பேசாதவன். என் கோழிக்கூண்டில் இன்னும் சாக்குதான் தொங்குது. வேற கதவு நான் போட மாட்டேன்.