சுருதி நிற்கவில்லை என்று சொன்னவர்

ராயப்பராஜைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வீடு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார், ஐம்பத்தோரு வயது. இளவயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் மவுத் ஆர்கன் வாசித்தார். வாசித்தார் என்றால், ஒரே ஒரு பாட்டுக்கு நடுவில் பத்து வினாடி. மீதி நேரமெல்லாம் மேடை ஓரத்தில் கைகட்டி நிற்க வேண்டும். கல்யாணம் ஆனதும் அதுவும் போயிற்று.

அவரை ஒரு ஆளாக்கியது வாட்ஸ்அப் குழுதான். தமிழ்நாடு முழுவதிலும் மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள் சேர்ந்த குழு அது. அவர்தான் அட்மின். யார் எதை வாசித்துப் போட்டாலும் முதலில் அவர் சொல்ல வேண்டும். "மூச்சை இன்னும் அடக்கணும்", "ரெண்டாவது வரியில தாளம் ஓடுது" என்று எழுதுவார். "நன்றி சார்" என்று பதில் வரும். அந்த 'சார்' வகுப்பறையில் கேட்கிற 'சார்' இல்லை. அதைக் கேட்கவே சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்புவார்.

போன சித்திரையில் உடையப்பன் என்று ஒருவர் குழுவில் சேர்ந்தார். அகரத்தில் சம்பங்கியும் செவ்வந்தியும் போடுகிற விவசாயி. யாரிடமும் கற்றவரில்லை. மோட்டார் ரூமில் உட்கார்ந்து வாசித்து அனுப்புவார்; பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் சேர்ந்து வரும். நாலே மாதத்தில் குழு முழுக்க அவர் பேச்சாகிவிட்டது. ஐப்பசியில் மதுரையில் நடக்கவிருந்த குழுவின் முதல் கூடுகைக்கு, கடைசியாக யார் வாசிப்பது என்று ஒருவர் கேட்டபோது, எல்லாரும் உடையப்பன் பெயரை எழுதினார்கள். ராயப்பராஜ் தன் பெயரைத்தான் நினைத்திருந்தார். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் உடையப்பனே கூப்பிட்டார். "சார், ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுல பூவ எறக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வாரேன். மேடையேறுறதுக்கு முன்னாடி ஒங்க முன்னால ஒருக்கா வாசிச்சிரணும் சார். நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ராயப்பராஜ் வீடு திரும்பியபோது, உடையப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கையில் தேங்காய்ப் பை, வாழையிலையில் பொதிந்த பூ. நாற்காலியைக் காட்டினாலும் நுனியில்தான் உட்கார்ந்தார். விரல் இடுக்குகளில் பூக்காம்புக் கறை.

வாசித்தார். சொந்தமாகக் கட்டிய மெட்டு. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதை நூலளவு கீழே வளைத்து, விட்டுவிடுவாரோ என்று நினைக்கிற நேரத்தில் மேலே கொண்டுவந்து சேர்த்தார். ராயப்பராஜ் முப்பது வருடமாக முயன்றும் கைகூடாத வளைவு அது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிரிஸ்கில்லா வெளியே வந்தாள். ஈரக்கையைத் துடைக்காமல் நிலைப்படியில் அப்படியே நின்றாள். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாடை வந்தபிறகுதான் உள்ளே ஓடினாள். இருபத்திரண்டு வருட வாழ்க்கையில், அவர் வாசிப்பதைக் கேட்க அவள் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

"எப்படி சார் இருக்கு?" என்றார் உடையப்பன்.

ராயப்பராஜ் எழுந்து அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். போனில் சுருதி பார்க்கும் ட்யூனரைத் திறந்தார்.

"அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

உடையப்பன் வாசித்தார். ஸ்வரம் வளைந்தபோது திரையில் முள் இடமும் வலமுமாக ஆடியது. வளைத்தால் முள் ஆடத்தான் செய்யும். அது ராயப்பராஜுக்குத் தெரியும். உடையப்பனுக்குத் தெரியாது.

"பாத்தீகளா? சுருதி நிக்கல. இது பயிற்சியில சரியாகுற விசயமில்ல உடையப்பன். காதே அப்படி. சில பேருக்குப் பொறவியிலேயே இருக்கும்."

"அம்புட்டு மோசமாவா சார் இருக்கு? குரூப்புல எல்லாரும் நல்லாருக்குன்னுதானே..."

"மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவா? தனியாப் பேசிச் சிரிக்கிறாக. எனக்கே சங்கடமா இருந்துச்சு. மதுரையில அம்புட்டுப் பேருக்கு முன்னால ஏறி அசிங்கப்படணுமா? யோசிச்சுக்கங்க."

உடையப்பன் மவுத் ஆர்கனை வேட்டி நுனியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"கூடப் பொறந்தவக கூட இப்பிடி ஒளிக்காமச் சொல்ல மாட்டாக சார்."

பிரிஸ்கில்லா காப்பியோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. "அதுக்குள்ள போயிட்டாரா?"

"பூ வேலை கெடக்காம்" என்றார் ராயப்பராஜ்.

அன்று சாயங்காலமே உடையப்பன் தன் பதிவுகளையெல்லாம் அழித்தார். "இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்கு எல்லாருக்கும் நன்றி" என்று எழுதிவிட்டு வெளியேறினார். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டார்கள். "விவசாய வேலை அதிகமாம், நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்று ராயப்பராஜ் பதில் போட்டார். மதுரையில் கடைசியாக அவரே வாசித்தார். மரியாதைக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை யாரோ படம்பிடித்துக் குழுவில் போட்டதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், மாமியார் கல்லறைக்குப் பூ வாங்க வேண்டும் என்று பிரிஸ்கில்லா அவரைப் பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். செவ்வந்தி மூட்டைகளுக்கு நடுவே உடையப்பன் இருந்தார். இவரைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"அன்னைக்கு எங்க வீட்டுல வாசிச்சவருல்ல?" பிரிஸ்கில்லாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் அது காதுக்குள்ளயே இருக்குண்ணே. எப்ப மறுபடி வருவீக?"

"விட்டுட்டேன்மா. சார்தான் என் காது சரியில்லன்னு சொல்லிக் காப்பாத்துனாரு. இல்லேன்னா ஊர் சிரிச்சிருக்கும்." உடையப்பன் பூவை அள்ளிப் பையில் போட்டார். "இப்ப பாட்டு கேக்குறதுமில்ல. எது சரி, எது தப்புன்னு நமக்குத் தெரியலேல்ல? பொண்ணு டிவில பாட்டு வச்சா எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

பிரிஸ்கில்லா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பூப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "அவரு நல்லாத்தான் வாசிச்சாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீக?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்."

"இப்பவே போயி உண்மையச் சொல்லுங்க. அந்தா, அங்கனதான் நிக்கிறாரு."

ராயப்பராஜ் திரும்பிப் பார்த்தார். உடையப்பன் அங்கிருந்தே கை தூக்கிக் கும்பிட்டார். இவரும் தலையை ஆட்டினார்.

"சொன்னா அந்த மனுசன் என்னைய என்னன்னு நெனைப்பாரு?" என்றபடி வண்டியைக் கிளப்பினார். "ஏறு, வெயில் ஏறுது."

அவள் ஏறவில்லை. வண்டியில் மாட்டியிருந்த பூப்பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.