பழவேற்காட்டில் எங்கே சாப்பிடக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள். பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வருகிற விருந்தாளிகளை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. சுடுகாட்டு ஓரம் வண்டியை நிறுத்தித் தூங்கியிருக்கிறேன், கொசுவைத் தவிர வேறு எதுவும் என்னைத் தொட்டதில்லை. எனக்கு நம்பிக்கை இருந்ததெல்லாம் இலையில் விழுகிற சோற்றின் மேல் மட்டும்தான். அதனாலேயே வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, எங்கே சாப்பிடலாம் என்று. நீங்களும் ஏறியதும் அதைத்தானே கேட்டீர்கள்.

பழவேற்காட்டுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பாலத்துக்கு முன்னால் வரிசையாகக் கடைகள் இருக்கும், மீனைக் கைகாட்டினால் கண் முன்னாலேயே வறுத்துத் தருவார்கள், அங்கே தாராளமாகச் சாப்பிடலாம். ஏசி போர்டு மாட்டிய கடைக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே குழம்பும் ஏசியில்தான் இருக்கும். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு அக்கா காலையில் நாஷ்டா போடுவார், இட்லிக்கு நேற்றைய மீன் குழம்பு, அதைச் சாப்பிட்டவன் மத்தியானம் வரை யாரோடும் சண்டை போடமாட்டான். டச்சுக்காரர் கல்லறை பார்க்க வருகிறவர்கள் வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டைப் படம் எடுத்த கையோடு பசிக்கிறது என்பார்கள், அது என்ன ராசியோ தெரியாது. ஆனால் அந்தக் கல்லறைக்குப் பின்னால் போகிற தெருவில் மட்டும், குழம்பு வாசனை எவ்வளவு தூக்கினாலும் உள்ளே போய் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போகட்டும்.

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயிலிருந்து மெஷின் பொருத்த வந்த இரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். இரண்டு பேரும் சைவம், கையில் சப்பாத்தியைக் கட்டிக்கொண்டு ஏரியில் படகேறிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். உச்சி வெயில். பாலத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முட்டித் தள்ளியது. சரி, நிழலாகக் கொஞ்சம் நடக்கலாம் என்று கல்லறைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் அந்த வாசனை வந்தது. மடவை மீனும் மாங்காயும் போட்ட குழம்பு. அந்த வாசனைக்கு நான் என்ன, எந்த மனுஷனும் நின்றுவிடுவான்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, ஒரு நாய்கூட இல்லை. இப்போது யோசித்தால் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு முன்னால் ஓலைப் பந்தல் போட்டிருந்தது. பந்தலில் இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம், மூலையில் வாழை இலைக் கட்டு. டிரைவர் கணக்கில் பந்தலும் டிரம்மும் இலையும் சேர்ந்தால் அது வீட்டு மெஸ். நானே என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு, சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

கூடத்தில் ஒரே ஒரு இலை போட்டு எல்லாம் பரிமாறி வைத்திருந்தது. சோறு, மடவைக் குழம்பு, இறால் தொக்கு, வடை. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், எனக்குக் கண்ணும் சேர்ந்து பறந்துவிட்டது. வியாபாரம் நடக்கிற இடத்தில் விளக்கு எரிவது சகஜம்தானே என்று நினைத்தேன்.

"வா நைனா. குந்து. சோறு ஆறிப் போவுது."

சமையல்கட்டு வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கலாம். நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். சார், நான் எத்தனையோ இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒரு குழம்பை என் நாக்கு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த அம்மா வந்து வந்து பரிமாறினார், அதுவும் இடது கையால். இடது கையால் சோறு போட்டால் நம் ஊரில் இலையை விட்டு எழுந்துவிடுவார்கள். நான் எழவில்லை. அந்தக் குழம்புக்குக் காலால் போட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

"இன்னும் ரவோண்டு போட்டுக்கினு சாப்புடு. எப்பிடி எளச்சிப் போய்கீற பாரு."

என் எடை தொண்ணூறு கிலோ. இளைத்துவிட்டாய் என்று என்னைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. சிரிப்பு வந்தது. வயிறார, வாயார என்பார்களே, அப்படிச் சாப்பிட்டு இலையை உள்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். சட்டைப் பையில் கையை விட்டதும் அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். கை கழுவி, வாசற்படி இறங்கும்போது எப்போதும் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி சொன்னேன்.

"போய்ட்டு வரேம்மா."

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "வருவியா?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? இந்தக் கொழம்புக்கு வராம வேற எங்க போவப்போறேன்?"

"சொல்லிட்ட இல்ல. அது போதும் நைனா."

அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரம் முழுக்க ஸ்டாண்டில் இருந்த எல்லா டிரைவர்களிடமும் அந்தக் குழம்பின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அவர்களைப் பேஜார் பண்ணினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மீன் என்றால் உயிர் என்றார். என்னோடு வாருங்கள் என்று மார் தட்டிக் கூட்டிப் போனேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு முன்னால் நடந்தேன். பந்தலைக் காணோம். கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். பெயர் ராணி என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார், யார தேடற?"

"இங்க ஒரு அம்மா மெஸ் வெச்சிருந்தாங்களே, இன்னிக்கி லீவா?"

"மெஸ்ஸா? இந்தத் தெருவுல ஏது மெஸ்ஸு? அது அங்கம்மா வூடு. அது செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. போன ஞாயித்துக்கெழம தான் முப்பதாம் நாள் படையலு போட்டாங்க."

நான் சிரித்தேன். வேறு வீடாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லைக்கா, இங்கேதான், இடது கையால் பரிமாறினார்களே என்று சொன்னேன். ராணியக்காவின் கையிலிருந்து இறால் விழுந்தது. அங்கம்மாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்து நான்கு வருடம் ஆகியிருந்ததாம். எல்லாமே இடது கைதானாம்.

படையல் போட்டால் செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள் இல்லையா. அன்றைக்கு மொத்தத் தெருவும் காக்காய்க்குச் சோறு வைக்க ஏரிக்கரைக்குப் போயிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய் உட்கார்ந்து, படைத்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் ஒரு முழுக்குப் போட்டு மறந்திருப்பேன். அங்கம்மாவுக்கு ஒரு மகன். செல்வம் என்று பெயர். ஏழு வருடத்துக்கு முன்னால் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஆந்திரா பக்கம் போட் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. "போறேன்" என்று ஒரே வார்த்தை. அதோடு சரி, இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை.

"அந்த ஒரு வார்த்தைய சொல்லிச் சொல்லி அழும் சார். அவன் வாயால போய்ட்டு வரேன்னு சொல்லியிருந்தா வந்திருப்பான்னு சொல்லும். தெனம் மத்தியானம் அவனுக்கு ஒரு ஆள் சோறு சேத்து வடிச்சி வெச்சிக்கினு குந்தினு இருக்கும். படையல் அன்னிக்கி வந்து கதவத் தொறந்தா எல காலி. உள்பக்கமா மடிச்சி கீது. நாய் பூனைன்னா மடிக்குமா? அது பொண்ணு தேவி, அண்ணன் தான் வந்துட்டு போச்சுன்னு ஒரே அழுக. நீயா சார் அது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கிளம்பும்போது அந்த அம்மாவிடம் நான் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். ராணியக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"செத்த வூட்ல போய் யார்னா போய்ட்டு வரேன்னு சொல்வாங்களா? செத்ததுகிட்டயே சொல்லிட்டு வந்துகிறியே! அது சும்மா வுடுமா? புள்ளக்குட்டிக்காரன். போய் அந்த வாசப்படில நின்னு, போறேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காத போ."

எங்கள் வீட்டில் போறேன் என்ற வார்த்தையே கிடையாது சார். டிரைவர் வீடு. தினமும் ரோட்டுக்குப் போகிறவன் அப்படிச் சொல்லலாமா? என் மனைவி சுமதி, பக்கத்துக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்று சொல்லவைத்துத்தான் விடுவாள். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த அம்மா என்னை என்ன செய்தார்? வயிறு நிறையச் சோறு போட்டார், இளைத்துவிட்டாய் என்றார், வருவியா என்று கேட்டார். அதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் என் உயிர் எனக்கு வெல்லமாகிவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"போறேம்மா" என்றேன்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. குண்டானின் மேல் தட்டை எடுத்து மூடுகிற சத்தம். இனிமேல் சாப்பிட யாரும் வரப்போவதில்லை என்றால் மூடிவைப்பார்களே, அது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். தூத்துக்குடிக்காரர் குடும்பத்தைப் பாலத்துக் கடையில் உட்காரவைத்தேன், என் இலையில் நான் கையே வைக்கவில்லை.

மறுநாள் காலை வீட்டிலிருந்து கிளம்பினேன். படி இறங்கும்போது வாயைத் திறந்தேன், போறேன் என்று வந்தது. சுமதி விளையாட்டு என்று நினைத்து முறைத்தாள். மறுபடி சொல்ல முயன்றேன், மறுபடியும் அதே. இப்போது உங்களிடம் போயிட்டு வரேன் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன், சாதாரணமாக வருகிறது பாருங்கள். ஒரு வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் வராது. சொல்லாமலே இறங்கிவிடலாம் என்று வாயை இறுக மூடிப் பார்த்தேன், கால் படியை விட்டு நகரவில்லை. டாக்டரிடம் போனேன், நன்றாகத் தூங்குங்கள் என்றார்.

இரண்டு மாதம் கழித்து, அன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொண்ட போயிட்டு வரேன் என்ற வார்த்தையை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தனியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். வீடு திறந்திருந்தது. தேவி புருஷனோடு அங்கேயே குடிவந்துவிட்டாளாம். கல்லறை பார்க்க வந்த டிரைவர், தண்ணீர் வேண்டும் என்றேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போங்கள் என்றாள்.

"ஒரு ஆள் சோறு எப்பவும் சேத்துத்தான் வடிப்பேண்ணா. எங்க அண்ணன் வந்துக்கினே கீது. எங்க அம்மா படையல அதுதான் வந்து சாப்ட்டுச்சு. எலைய உள்பக்கமா மடிச்சிட்டு போச்சுன்னா திரும்ப வரேன்னுதான அர்த்தம்?"

நான்தான் அம்மா அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவள் போட்ட சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட்டேன். கைகழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். குலதெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மனதுக்குள் கூட்டி வைத்துக்கொண்டு, படியில் கால் வைத்து வாயைத் திறந்தேன்.

"போறேன்."

தேவியின் கையிலிருந்த செம்பு நழுவியது. "அப்பிடி சொல்லாதீங்கண்ணா" என்றாள். "எங்க அண்ணனும் இதே எடத்துல நின்னு அதான் சொல்லிச்சு."

ஒன்பது மாதம் ஆகிறது சார். இன்றுவரை அந்த வார்த்தை எனக்குத் திரும்ப வரவில்லை. சுமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு இப்போது விட்டுவிட்டாள். காலையில் நான் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருவாள், வந்து இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு உங்களை ஏற்ற வரும்போதும் அப்படித்தான் நின்றாள்.