முதல் தட்டின் உயரம்

அக்குறணைக் கடைத்தெருவில் வெள்ளத்தைக் கடைச் சுவரில் சாமான் அடுக்கும் தட்டால்தான் அளப்பார்கள், கீழிருந்து எண்ணி. ஓடை நான்கு தடவை பெருகி மாத்தளை வீதி ஆறாகிப் போன நாட்களைப் பற்றிக் கேட்டால், "முதல் தட்டு நனைஞ்ச வெள்ளம்" என்பார்கள். அடியோ அங்குலமோ யார் வாயிலும் வராது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டியிராத சனிக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸேறிப் போய், கடை கடையாக நின்று, அந்தப் பேச்சையெல்லாம் எழுதி எடுத்தேன். தமிழில் எழுதினேன். பட்டம் கிடைத்தது. ஆய்வேடு நூலகத்து அலுமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

வெளிநாட்டில் வெள்ளங்களை ஆராயும் பேராசிரியை ஒருவர் கண்டிக்கு வந்தபோது, ஒரு கருத்தரங்கில் நான் பேசியதைக் கேட்டார். சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதலாமா என்றார். என் ஆங்கிலம் பள்ளிக்கூடச் சப்பாத்து மாதிரி. நடக்கலாம், ஓடினால் கடிக்கும். ஆனாலும் சம்மதித்தேன். அந்தக் கடைக்காரர்கள் சொன்னதை மலைக்கு அப்பாலும் யாராவது கேட்க வேண்டும்.

அவர் முதலில் கேட்டது, ஒரு தட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று. நியாயமான கேள்வி. அளவுநாடாவோடு போய் ஒவ்வொரு கடையிலும் முதல் தட்டின் உயரத்தை அளந்து அனுப்பினேன்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு காலை பேராசிரியை கணினித் திரையில் வந்தார்.

"எல்லாரும் தண்ணீர் தடவைக்குத் தடவை கூடுகிறது என்கிறார்கள். உங்கள் அளவில் நான்கு வெள்ளமும் ஒரே உயரம். மக்களின் ஞாபகத்தை முழுதாக நம்ப முடியாது என்று ஒரு பந்தி சேர்ப்போமா?"

அவர் குரலில் எந்த இளக்காரமும் இல்லை. அதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது. என்னை நம்பி வாய் திறந்த மனிதர்கள், தாங்கள் வாசிக்கப்போகாத ஒரு மொழியில், ஞாபகம் கெட்டவர்களாக நிற்கப் போகிறார்கள்.

"வேண்டாம்," என்றேன். காரணம் கையில் இல்லை. "ஒரு கிழமை தாருங்கள்."

அடுத்த சனிக்கிழமை, முதன்முதலில் எனக்குப் பேட்டி தந்த பலசரக்குக் கடை நானாவிடம் போய் நின்றேன். இங்கே மூத்த முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அழைப்போம்.

"எனத்த டீச்சர், மறுவா அளக்கவா வந்தீங்க? தட்டு வளந்தீக்கான்னு பாக்கவா?"

"இல்ல நானா. நாலு வெள்ளத்துலயும் முதல் தட்டு நனைஞ்சதுன்னு சொன்னீங்க. தண்ணி கூடிக்கிட்டே வருதுன்னும் சொன்னீங்க. தட்டு அதே தட்டு. அப்புறம் எப்படிக் கூடும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினார்: "இங்க வாங்கொ! படிச்ச மனுசி கேக்கிற கேள்வியக் கேளுங்கொ!"

சிரிப்பு அடங்கியதும், தட்டுக்குக் கீழே அடுக்கியிருந்த பிஸ்கட் பெட்டிகளை இழுத்துப் போட்டார். சுவரில் சீமெந்து பூசி அடைத்த ஓட்டைகள். ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று, முழங்கால் உயரத்தில் மற்றொன்று. தட்டு முன்பு இருந்த இடங்கள்.

"தண்ணி தொட்ட எடத்துலயே தட்ட வெச்சா யாவாரம் செய்றது எப்புடி? ஒவ்வொரு வெள்ளம் வத்தினதும் ஏத்தி அடிச்சோம். ஏத்தின தட்டையும் வந்து நனைச்சிச்சி."

"ஏன் நானா இத அன்னைக்கே சொல்லல?"

"நீங்க தட்டு எங்கன்னு கேட்டீங்க, காட்டினேன். ஏத்தினீங்களான்னு கேக்கல்லயே. ஊருக்கே தெரிஞ்ச வெசயத்த யாரு செல்றது?"

என் ஆய்வேட்டைத் தமிழில் வாசித்த பரிசோதகர்களும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு அந்நியக் கேள்விதான் பிஸ்கட் பெட்டிகளை நகர்த்தியது. நான் ஒரே எண்ணை நான்கு வெள்ளத்துக்கும் போட்டிருந்தேன். பிழை அவர்களுடைய ஞாபகத்தில் இல்லை, என் நாடாவில் இருந்தது.

அன்றே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் திரையில் அவர் தயங்கினார்.

"நீங்களே பிழை விட்டதாக எழுத வேண்டுமா? மதிப்பிடுபவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்."

"பிடிக்கட்டும். என் பிழையைச் சொல்லும் பந்தி இருக்கும். 'தட்டு' என்ற சொல்லும் அப்படியே ஆங்கில எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள், அளவுகளையும் தரமாட்டேன்."

சப்பாத்து கடித்தது. ஆனாலும் ஓடினேன்.

அவர் என் அளவுப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒரு சுவரில் எத்தனை வரிசை ஓட்டை?"

"நானா கடையில் மூன்று. மேலே இப்போதைய தட்டு."

"மற்றக் கடைகளில்?"

"இனித்தான் அளக்க வேண்டும்."

"அப்படியென்றால் இந்த முறை இதழுக்கு அனுப்ப வேண்டாம். அளந்துவிட்டு வாருங்கள்."

இப்போது மீண்டும் சனிக்கிழமைகள். அட்டைப்பெட்டிகளை நகர்த்துகிறேன், சுண்ணாம்பைச் சுரண்டுகிறேன், அடைத்த ஓட்டைகளைத் தேடுகிறேன். போன கிழமை நானா ஏணியில் நின்று தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தப் போறேன், டீச்சர். அடிக்க முன்ன அளந்துக்கோங்க. பொறகு வந்து எனக்கு மறதின்னு செல்லக்கூடாது."

நாடாவின் நுனியை அவரிடம் நீட்டினேன். அவர் மேலே பிடித்துக்கொண்டார். நான் தரையில் குந்தி, எண்ணை வாய்விட்டு வாசித்தேன்.