எண்ணெய் குடித்த சப்பாத்திக்கட்டை

நேற்று தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்ட கையை அரைகுறையாகத் துடைத்துவிட்டு, சப்பாத்தியைப் பிட்டு வாயில் போட்டேன். அவ்வளவுதான், எழுபதுகளில் வடக்கே கரோல் பாக்கில், ஒரு மாடியின் ஒற்றை அறையில் கழித்த குளிர்காலத்துக்குப் போய்விட்டேன். மூக்குக்கு டிக்கெட்டே வேண்டாம் போலிருக்கிறது.

அப்போது ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் இரும்பின் இரைச்சல். அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. எனக்குத் தெரிந்த இந்தி, எவ்வளவு என்று கேட்க 'கித்னா', நல்லது என்று தலையாட்ட 'அச்சா', அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடும். கீழ்வீட்டில் வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள் தனியாக இருந்தார். பிள்ளை கனடாவில். எல்லோரும் அவரை பீஜி என்பார்கள். அவர் சுடும் ரொட்டியின் வாசனை மட்டும் மாடியேறி வரும். அந்த அடுக்களையில் ஒருதரமாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று ஏங்கிப் போயிருந்தேன்.

ஒருநாள் அவருடைய சப்பாத்திக்கட்டை உடைந்தது. நான் செய்து தருகிறேன் என்று ஜாடையில் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன?

எங்கள் ஃபோர்மேன் கோயம்புத்தூர்க்காரர். "ஏப்பா, இரும்பு மிஷின்லயா மரத்தக் கடையப்போற? தூளு எண்ணெயில சேந்து பசையாட்டப் புடிச்சுக்கும், பாத்துக்க!" என்றார். ஊரிலிருந்து வந்த வாரப் பத்திரிகையைக் கிழித்து மிஷின்மேல் போர்த்தினேன். மரத்துக்கு வேகம் வேண்டுமென்று பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தை மாற்றினேன். இரும்புக்கு உளியை மிஷினே பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு நாம்தான் பிடிக்க வேண்டும். கையைத் தாங்க மிஷினில் ஒரு இரும்புப் பட்டையை முடுக்கினேன். முதல் கட்டை பிய்த்துக்கொண்டு சுவரில் மோதியது. இரண்டாவது, கொஞ்சம் தொப்பையோடு, உருண்டு வந்தது. மெருகு வரட்டுமென்று, இரும்புக்குப் பூசுகிற எண்ணெயையே அதற்கும் தாராளமாகப் பூசினேன். இரும்படிக்கிறவன் புத்தி.

"ஆவோ பேட்டா, பைட்டோ" என்று உட்காரவைத்து, நான் கொடுத்த கட்டையாலேயே தேய்த்துச் சுட்டுப் போட்டார் பீஜி. முதல் வாயிலேயே பட்டறை நாறியது.

"கைசா?" எப்படி இருக்கிறதென்று கேட்டார்.

"அச்சா, பீஜி."

அவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அதன்பிறகு ஞாயிறுதோறும் அங்கேதான் சாப்பாடு, அதே வாசனையோடு.

ஒரு புதன்கிழமை காய்ச்சலோடு வெந்நீர் கேட்கப் போனேன். பீஜி கடையில் வாங்கிய புதுக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது துணி சுற்றி அலமாரியில் இருந்தது. என்னைக் கண்டதும் புதுசை மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளினார். நான் பார்க்காததுபோல் வெந்நீரோடு மேலே வந்து அழுதேன். அது வருத்தமில்லை. அந்த ஊரில் எனக்காக ஒருவர் ஞாயிறுதோறும் அந்த நாற்றத்தைச் சகித்துக்கொள்கிறாரே என்றுதான்.

பிறகு பிள்ளை வந்து பீஜியை அழைத்துப் போனான். அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். இப்போது எனக்கு நானே சமைத்து, நானே பரிமாறிக்கொள்கிறேன்.

நேற்று எழுந்துபோய்க் கை கழுவத் தோன்றவில்லை. மீதிச் சப்பாத்தியையும் அந்தக் கையாலேயே தின்றேன்.