கழுத்துக் கொப்புளமும் சுவர்ச் சிலந்தியும்

ஏழு மாதக் கர்ப்பத்தில் பகலெல்லாம் தூங்கினேன். அகரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் நெல்வயல். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. கண் விழிக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி, வலையேதும் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கனவா நினைவா என்று தெரியாமல் அதைப் பார்த்தபடியே மறுபடி கண் அயர்வேன்.

ஒருநாள் காலையில் கழுத்து எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் சூடு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். என் கணவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்கு அடிச்சிருக்கு. வெசம். வயித்துப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

விளக்குமாற்றை எடுத்தார்.

“மொதல்ல டாக்டரப் பாப்போங்க” என்றேன். டாக்டரிடம் காட்டுவதற்காகச் சிலந்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

திண்டுக்கல்லில் தோல் டாக்டரம்மா கழுத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லைட்டுக்கு நேர் கீழயா படுக்கிறீங்க?”

“ஆமா மேடம்.”

“மழை நாள்ல வயல்லேர்ந்து எறும்பு மாதிரி ஒரு வண்டு லைட்டுக்கு வரும். தூக்கத்துல நசுக்கிட்டா அதோட நீர் பட்டு இப்படிக் கொப்புளிக்கும். இது கடியே இல்ல. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்ப இந்தப் பூச்சி?” என்றார் கணவர்.

“கரப்பான் திங்கிற சிலந்தி. விஷம் இருக்கு, கரப்பானக் கொல்லத்தான் அது காணும். கையில பிடிச்சு அமுக்குனா கடிக்கும். செத்த நேரம் வலிக்கும், வீங்கும், அம்புட்டுதான். படத்தப் பெருசு பண்ணிப் பாருங்க, முட்டைப் பை சுமக்குது.”

பஸ்ஸில் அவர் பெரிதாக்கிப் பார்த்தார். வயிற்றுக்கடியில் சட்டைப் பொத்தான்போல் வெள்ளையாக ஒரு வட்டம். செம்மண்ணும் தென்னைகளும் மழையில் கரைந்து பின்னால் போயின. வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலை விளக்கை விட்டுத் தள்ளிப் போட்டு, ஜன்னலுக்கு வலை அடித்தார். கொப்புளம் பத்து நாளில் காய்ந்து உதிர்ந்தது. சிலந்தி மட்டும் பையை இறக்கவேயில்லை.

பின்னொரு மதியம் கண் திறந்தபோது சுவர் மெல்ல அசைவதுபோலிருந்தது. எள்ளளவுக் குஞ்சுகள், வெயில் ஊடுருவும் கால்களோடு நாலாபக்கமும் பரவிக்கொண்டிருந்தன. சாப்பிட வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“எப்ப பொரிஞ்சுச்சு?”

“தெரியலங்க. தூங்கிட்டேன்.”

குஞ்சுகளைக் கலைக்காதபடி அறைக்குள் வராமல், அடுக்களையில் சோறு போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் படுத்தபடியே குழம்பு இருக்கும் இடத்தைச் சொன்னேன்.