கைவிடப்பட்ட கப்பலில் என் கணவர்

“…நான் எறங்கிட்டா இந்த நங்கூரத்த யாரு பாக்குறது கலா?” என்றார் என் கணவர், வீடியோ காலில்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இறந்துபோன என் மாமனாரைக் கிடத்தியிருந்தோம். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை, எங்கோ வெளிநாட்டுக் கடலில் சரக்குக் கப்பலின் சீஃப் ஆபீசர். முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டான். கேப்டனும் உடம்பு முடியாமல் கரைக்குப் போய்விட, பொறுப்பு இவர் தலையில். மாற்று அதிகாரி வராமல் இறங்கக் கூடாதென்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். யாரும் வருவதாகவும் இல்லை.

“மொதலாளியே ஓடிட்டான், உனக்கு இன்னாண்ணா இன்னும் கப்பலு?” என்று கத்தினார் கொழுந்தனார்.

“காத்து ஏறினா நங்கூரம் இழுத்துக்கும்டா. கப்பல் போயி பக்கத்துக் கப்பல்ல மோதும். அதுலயும் யாரோ பெத்த புள்ளைங்கதான இருக்காங்க?”

அதுவரை நானும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். தோளில் தங்கப் பட்டை போட்ட போட்டோவைக் காட்டித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அந்தப் பட்டையின் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனை மாமனாரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் இவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். “கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதடா” என்று மாமனார் ஓயாமல் சொல்லி வளர்த்த பிள்ளை.

கொழுந்தனார் கொள்ளிச்சட்டியைத் தூக்கினார்.

திரையில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் மெல்லக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். போனை அணைக்காமல் மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நங்கூரச் சங்கிலியைப் பார்க்கப் போனார்.